இரைச்சலாய்ப் போன மின்சாரம்

லோயர்கேம்ப்பிலிருந்து குமுளிக்கு மலையேறும் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தவர்கள் பார்த்திருப்பார்கள். மலைச்சரிவில் நான்கு ராட்சதக் குழாய்கள் அருகருகே இறங்கும். அணைத் தண்ணீரை மின்நிலையத்துக்குக் கொண்டுவரும் அவை, முல்லைப் பெரியாறு அணையைவிட இரண்டு தலைமுறை இளையவை.

பொறியாளர் பென்னிகுவிக் 1895-ல் கட்டி முடித்த அணை பாசனத்துக்கானது. மேற்கே ஓடிய ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். சுரங்கத்தைத் தாண்டிய தண்ணீர் ஆயிரம் அடிக்கும் மேலே இருந்து பாறைகளில் மோதியபடி கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கியது. அத்தனை ஆற்றலும் அறுபது வருடங்களுக்கு மேல் வெறும் சத்தமாகவே கரைந்தது.

நீர்மின்சாரத்தில் பார்க்கவேண்டியவை இரண்டுதான்: எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரம். பெரியாறில் அந்த உயரத்தைத் தருவது அணை அல்ல, மலை. அதனால்தான் விநாடிக்கு 400 கன அடி இருந்தாலே ஜெனரேட்டர் ஒன்று சுமார் 35 மெகாவாட் தந்துவிடுகிறது. அதே தண்ணீர் கீழே வைகை அணைக்கு வந்து சேர்கிறது. அங்கே முழு நீர்மட்டமே 71 அடி. அதே 400 கன அடியில் 2 மெகாவாட் தேறினால் அதிகம். அதற்கும் அங்கே சிறு மின்நிலையம் வைத்திருக்கிறார்கள், நல்ல காரியம்.

பெரியாறில் ஏன் இவ்வளவு தாமதம்? 1886-ல் திருவிதாங்கூர் அணைக்கான இடத்தைக் குத்தகைக்குத் தந்து பத்திரம் எழுதியபோது எடிசனின் நியூயார்க் மின்நிலையத்துக்கே வயது நான்கு. மின்சாரத்தை யார் நினைத்தார்கள்? பிற்பாடு சென்னை மாகாணம் அந்த எண்ணத்தோடு வந்தபோது திருவிதாங்கூர் மறுத்தது. வழக்கு நடுவர் நளினி ரஞ்சன் சட்டர்ஜியிடம் போனது. தண்ணீர் பாசனத்துக்கு மட்டுமே என்று 1941-ல் அவர் தீர்ப்புச் சொன்னார். பிறகு இரு தரப்பும் பேசி வழி கண்டபின், 1950-களின் இறுதியில்தான் லோயர்கேம்ப்பில் மின்னுற்பத்தி தொடங்கியது. நான்கு இயந்திரங்களும் சேர்ந்தபோது திறன் 140 மெகாவாட். 1970-ல் கையெழுத்தான துணை ஒப்பந்தப்படி, இந்த மின்சாரத்துக்காகத் தமிழகம் கேரளத்துக்குக் கட்டணம் தருகிறது.

இப்படிப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட மின்நிலையத்துக்குச் சொந்த விருப்பம் கிடையாது. கம்பத்தில் நாற்று நட வேண்டும், அப்போதுதான் இயந்திரம் முழு வேகத்தில் சுழலும். குடிநீருக்காக 100 கன அடி அளவில் மட்டும் திறக்கும் நாட்களில் ஜெனரேட்டர்கள் ஓய்ந்துவிடும். அப்போது தண்ணீர் குழாய்க்குள் போகாமல் வேறு வழியாக இறங்கும். அந்த இடத்துக்கு ஊர்க்காரர்கள் வழங்கும் பெயர் இரைச்சல்பாலம்.