தூண்டில் தரும் பொறுமை

காரைக்குடி வட்டாரத்தில் சாகுபடி மழையையும் கண்மாயையும் நம்பி நடக்கிறது. மழை பொய்த்தால் கடன் கவலை. கவலை மிகுந்தால் உறக்கம் போகும். இத்தகைய நாட்களில், வாரம் ஒரு காலைப் பொழுது தனியே தூண்டில் போட்டுப் பாருங்கள். மூங்கில் கழி, நைலான் நரம்பு, தக்கை, முள், மண்புழு போதும். கண்மாய் குத்தகையில் இருந்தால் குத்தகைதாரரிடம் அனுமதி பெறுவது அவசியம்.

தக்கையைப் பார்த்திருக்கும்போது மனம் அடங்கும், நீரும் புரியும். சொந்தப் பண்ணைக்குட்டையில் விடியற்காலை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால், நீரில் பிராணவாயு குறைவு என்று பொருள். உடனே தீவனம், சாணம் இடுவதை நிறுத்திப் புதுநீர் பாய்ச்ச வேண்டும்.

மழைக்காலத்தில் செந்நிற விரால் குஞ்சுகள் கூட்டமாக மேலே திரிந்தால், தாய் தந்தை மீன்கள் அருகில் காவல் இருக்கும். அங்கே தூண்டில் போடாதீர்கள். காவல் போனால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும்.

நாகப்பட்டினத்து அதிபத்த நாயனார் தினமும் ஒரு மீனைச் சிவனுக்கென்று கடலில் விட்டார். ஒரே மீன் கிடைத்த நாட்களிலும் விட்டார். பொன்மீன் கிடைத்தபோதும் விட்டார் என்கிறது பெரியபுராணம். நாளையும் கிடைக்கும் என்ற நம்பிக்கை உள்ளவரே இன்று விட்டுக்கொடுப்பார். விதைநெல்லை உண்ணாமல் காக்கும் உழவருக்கு இது புதிதல்ல.

தனிமை கவலையை மறைக்க அல்ல. மனம் தெளிந்து வீடு திரும்பியதும், கடன் கணக்கை வீட்டாருடன் அமர்ந்து பேசுங்கள்.