நள்ளிரவு ஒரு மணிக்கு 33 பாகையா?

மாணவர்களே, நம் நாட்டில் நள்ளிரவு ஒரு மணிக்கு நண்பகல் வெப்பம் இருக்குமா? இருக்காது. அதனால்தான் என் படிவம் 4 மாணவன் ஒருவன் கொண்டுவந்த வரைபடத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்தது.

அறிவியல் கூடத்துக்கு வெளியே ஒரு ராஸ்பெரி பை கணினியையும் வெப்ப உணரியையும் பொருத்தி, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பதிவு செய்வது அவனுடைய செயல்திட்டம். வரைபடத்தில் புதன்கிழமை அதிகாலை 1 மணிக்கு 33 பாகை செல்சியஸ் என்று இருந்தது! “எண்களை நீயே போட்டுவிட்டாயா?” என்று கேட்டுவிட்டேன். “இல்லை டீச்சர், நான் ஒன்னும் மாத்தல” என்றான். முகம் வாடிப்போனது.

அவன் சொன்னது உண்மை. பொய் சொன்னது கணினியின் கடிகாரம்.

உங்கள் வீட்டு மேசைக் கணினியின் தாய்ப்பலகையில் நம் 20 சென் நாணயம் அளவில் ஒரு வட்ட மின்கலம் இருக்கும். கணினியை அணைத்த பிறகும் ஒரு சிறு கடிகாரத்தை ஓடவைப்பது அதுதான். அந்தக் கடிகாரத்தில் உள்ள குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிரும். ஏன் இந்த விசித்திரமான எண்? 32,768-ஐ 15 முறை பாதியாக்கிப் பாருங்கள், சரியாக 1 வரும். மின்சுற்று அப்படித்தான் ஒரு விநாடியைப் பெறுகிறது. ஆனால், படிகம் வெப்பத்துக்கு ஏற்பச் சற்றே முந்தும், பிந்தும். ஒரு மில்லியனில் 20 பங்கு பிசகினாலே நாளைக்கு 1.7 விநாடி, மாதத்துக்கு ஏறக்குறைய 50 விநாடி தவறிவிடும்.

ராஸ்பெரி பையின் கதை இன்னும் மோசம். 2023-இல் வந்த ஐந்தாம் மாடலுக்கு முன்பு அதில் இந்தக் கடிகாரமே இல்லை. ஐந்தாம் மாடலிலும் மின்கலத்தைத் தனியாகத்தான் வாங்க வேண்டும். மின்சாரம் போனால் அதற்குக் காலம் நின்றுவிடும். மீண்டும் உயிர் பெறும்போது, கடைசியாக நினைவட்டையில் எழுதி வைத்த நேரத்தையே ‘இப்போது’ என்று எடுத்துக்கொள்ளும். தூங்கி எழுந்தவர், தூங்கவே இல்லை என்று நினைப்பது போல.

ஆகவே, கணினி தொடங்கியதும் இணையத்தில் உள்ள ஒரு நேரச் சேவையகத்திடம் மணி கேட்கிறது. இதற்கான என்.டி.பி. என்னும் நெறிமுறையை, பின்னாளில் டெலாவேர் பல்கலைக்கழகப் பேராசிரியரான டேவிட் மில்ஸ் உருவாக்கினார். 1985-இல் அது வெளியானது. ‘மணி என்ன?’ என்று கேட்டுப் பதில் வருவதற்குள் நேரம் கடந்துவிடுமே, அதற்கு என்ன செய்வது? இங்கேதான் மில்ஸின் சாமர்த்தியம் இருக்கிறது. நான்கு நேரங்களைக் குறித்துக்கொள்கிறார்கள்.

உங்கள் கணினி தன் கடிகாரத்தில் 0.000 விநாடியில் கேள்வியை அனுப்புகிறது. சேவையகம் தன் கடிகாரத்தில் 5.030-இல் பெற்று, 5.040-இல் பதில் அனுப்புகிறது. உங்கள் கணினியில் 0.070-இல் பதில் சேர்கிறது. போகும்போது தெரிந்த வித்தியாசம் 5.030, வரும்போது தெரிந்தது 5.040 − 0.070 = 4.970. இரண்டின் சராசரி சரியாக 5 விநாடி. பயண நேரம் தானாகவே கழிந்துவிட்டது! போகும் வழியும் வரும் வழியும் ஒரே அளவு நேரம் எடுத்தால்தான் இது துல்லியமாக இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சேவையகம் தருவது உலகப் பொது நேரம். அதோடு 8 மணி நேரத்தைக் கூட்டுவது நம் கணினியின் வேலை. (தீபகற்ப மலேசியாவில் 1981 முடியும்வரை ஏழரை மணி நேரம்தான் கூட்ட வேண்டியிருந்தது. உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள்.)

தவறைத் திருத்துவதிலும் ஒரு நுட்பம் உண்டு. கணினி தொடங்கும்போது கடிகாரத்தை ஒரே தாவலில் சரிசெய்துவிடலாம். எல்லா நிரல்களும் ஓடத் தொடங்கிய பிறகு அப்படித் தாவினால், நேற்று நடந்தது இன்றைக்குப் பின்னால் பதிவாகும் குழப்பம் வரலாம். அதனால் சிறு பிழைகளை மெல்ல மெல்லச் சரிசெய்வார்கள். ஒரு விநாடியைத் திருத்தவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம்.

சரி, எங்கள் புதன்கிழமைக்கு வருவோம். செவ்வாய் மாலை ஆறு மணியளவில் கூடத்தின் மின்சாரம் அணைக்கப்பட்டது. காலை ஏழு மணியளவில் திரும்ப வந்தபோது, வைஃபை கருவி மட்டும் அணைந்தே கிடந்தது. மணி கேட்க ஆளில்லை. கணினி தன் பழைய நேரத்திலேயே பதிவைத் தொடர்ந்தது. பகல் 2 மணி வெப்பம் அதிகாலை 1 மணி என்று பதிவானது.

இதைக் கண்டுபிடித்தது நான் அல்ல, அவன்தான். பதிவேட்டில் அதிகாலை 1.32-க்கு அடுத்த வரி பிற்பகல் 2.42 என்று இருந்தது. வைஃபை வந்ததும் கடிகாரம் தாவிய இடம் அது. இரு வரிகளிலும் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றே. “பத்து நிமிடத்துக்கு ஒரு பதிவுதானே டீச்சர்? இடைவெளி 13 மணி 10 நிமிடம். அப்படின்னா கடிகாரம் சரியா 13 மணி நேரம் பிந்தியிருக்கு” என்றான். பிழையான வரிகள் எல்லாவற்றோடும் 13 மணி நேரத்தைக் கூட்டினோம். வரைபடம் காலையில் ஏறி, பகலில் உச்சம் தொட்டது. இரவுப் பகுதி மட்டும் வெற்றிடம்.

அவனிடம் வகுப்பின் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டேன். இப்போது அவனுடைய நிரல், நேரம் சரிசெய்யப்பட்டதா என்று உறுதி செய்த பிறகே முதல் வரியை எழுதுகிறது. மின்கலத்தோடு கூடிய சிறு கடிகாரப் பலகை ஒன்றையும் வாங்கிப் பொருத்திவிட்டான்.