சவுக்குத் தோப்புக்குக் கரும்புச் சோகை எரு



கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் மணற்பாங்கான ஊர்களிலே சவுக்குத் தோப்பு நிறையப் பார்க்கலாம். நட்டு 3, 4 வருஷத்திலே வெட்டிக் காகித ஆலைக்கோ, சாரக் கம்புக்கோ அனுப்பிவிடுகிறோம். ஆனால், ஒரே நிலத்தில் மூன்றாம் தடவை, நாலாம் தடவை சவுக்கு வைத்தவர்களைக் கேட்டால், "முன்னே மாதிரி பருமன் ஏறலைங்க" என்பார்கள்.

காரணம் என்ன? மரத்தை விற்கிறோம். மிலாரை விறகுக்கு விற்கிறோம். வேர்க்கட்டையையும் தோண்டி எடுக்கிறோம். உதிர்ந்த சருகைக்கூட விடாமல் வாருகிறோம். மண்ணுக்கு மிச்சம் என்ன இருக்கு?

"சவுக்குக்கு எதுக்குங்க எரு?" என்று சிலர் கேட்பார்கள். சவுக்கு வேர் முடிச்சிலே 'ஃபிரான்கியா' என்ற நுண்ணுயிர் இருக்கிறது. கடலைச் செடி மாதிரி, இதுவும் காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் காற்றிலே இல்லை, மண்ணிலிருந்துதான் வரவேண்டும். மணல் நிலத்தில் ஈரம் நிற்கவும் மட்கு வேண்டும்.

இதற்குக் காசு கொடுத்து எரு வாங்க வேண்டாம். ஒரு ஏக்கர் கரும்பு வெட்டினால் சுமார் 4 டன் சோகை கிடக்கும். அதைக் கொளுத்தாதீங்க, மட்க வையுங்க.

தண்ணீர் தேங்காத மேட்டிலே 3 அடி ஆழம், 6 அடி அகலத்தில் குழி எடுங்கள். நீளம் உங்கள் வசதி. சோகையைத் துண்டாக்கி அரை அடிக்கு ஒரு அடுக்காகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்கிலும் சாணிக் கரைசல் தெளியுங்கள். ஒரு டன் சோகைக்கு 50 கிலோ சாணமும் 5 கிலோ ராக் பாஸ்பேட்டும் போதும். கடலைத் தோல், விதை வைக்காத களை எல்லாம் கூடச் சேர்க்கலாம். தரைக்கு மேல் ஒன்றரை அடி வரை குவித்து மண்ணால் மெழுகிவிடுங்கள். மாதம் ஒரு தடவை கிளறி, தண்ணீர் தெளிக்க வேண்டும். கையில் பிடித்தால் ஈரம் தெரியணும், பிழிந்தால் சொட்டக் கூடாது.

மாசி, பங்குனியில் போட்டால் ஆவணி, புரட்டாசியில் எரு தயார். கறுத்து, உதிர்ந்து, சூடு ஆறி, மண்வாசனை வர வேண்டும். அவசரப்பட்டுப் பச்சையாகப் போட்டால், சோகை மட்குவதற்கே மண்ணிலுள்ள தழைச்சத்து செலவாகிவிடும். கரையானும் சேர்ந்து இளங்கன்றைக் கடித்துவிடும்.

4 டன் சோகை மட்கிச் சுண்டினால் சுமார் 2 டன் எரு தேறும். 5 அடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 1,740 கன்று பிடிக்கும். ஐப்பசி மழையில் நடும்போது குழிக்கு ஒரு கிலோ எருவை மேல்மண்ணோடு கலந்து போடுங்கள். ஆக, ஒரு ஏக்கர் கரும்புச் சோகை ஒரு ஏக்கர் சவுக்குக்குச் சரியாகிவிடுகிறது.

இன்னொன்று. மரம் வளரும்போது உதிர்கிற சருகை வாராமல் தோப்பிலேயே விட்டுவிடுங்கள். தீப்பிடிக்காமல் இருக்க வரப்போரம் மட்டும் பத்தடி அகலத்துக்குச் சுத்தமாக வைத்துக்கொண்டால் போதும்.

இந்த வருஷம் கரும்பு வெட்டினதும் தீப்பெட்டியைத் தேடாமல் மண்வெட்டியை எடுங்க. அடுத்த சவுக்கு வெட்டிலே கம்பின் பருமன் பதில் சொல்லும்.