வேலியோரத்துக் குருவிகளைத் தேடி வருவோர்

அராலித் தரவை ஓரமாகக் கொழும்பிலிருந்து வந்த இருவர் காலை வெயிலில் தொலைநோக்கியுடன் நின்றார்கள். என்னோடு வந்த பெரியவர், 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த கமக்காரர், என்ன விசேடம் என்று எட்டிப் பார்த்தார். மின்கம்பியில் ஒரு கரிக்குருவி!

"சுவாமி, இதைப் பாக்கவோ இவ்வளவு தூரம் வந்தவை?"

சிரிக்கத்தான் தோன்றும். மாட்டின் முதுகில் சவாரி செய்யும் குருவியை நாம் பெரிதாக எண்ணுவதில்லை. ஆனால் தெற்கிலுள்ள இரட்டைவால் குருவிக்கு வயிறோ வாலடியோ வெள்ளை. முழுக் கறுப்பான நம்முடையதை இலங்கையில் வடக்கிலும் வடமேற்குக் கரையோரத்திலுமே பெரும்பாலும் காணலாம். கவுதாரியும், பின்கழுத்தில் கறுப்புக் கோடுள்ள கள்ளிப்புறாவும், கரும்பருந்தும் அவ்வாறே. வரண்ட தரையும் முட்பற்றையும் அவற்றுக்கு வேண்டும்.

மாரி காலத்தில் வேறு விருந்தினரும் உண்டு. வட ஆசியாவிலிருந்து வரும் உள்ளான்களைப் பண்ணைப் பாலத்தில் நின்றே பார்க்கலாம். மண்டைதீவு, வேலணைப் பக்கத்து ஆழமற்ற நீரிலும் தொண்டைமானாற்றுக் கடல்நீரேரியிலும் தேடலாம். பூநாரைக் கூட்டங்களுக்குப் பெயர்பெற்றது சுண்டிக்குளம். 1938இல் பறவைகள் சரணாலயமாக்கப்பட்ட இவ்விடம் 2015இல் தேசியப் பூங்காவானது.

வந்தவர்கள் கவுதாரி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். பெரியவரின் சிரிப்பு நின்றது.

"தேடிப் போனால் காணமாட்டியள். விடியக்காலமை கூப்பிடும். சத்தம் வாற பக்கம் பேசாமல் நில்லுங்கோ, பற்றையாலை தானாக வெளியிலை வரும். பறக்காது, ஓடும்."

குருமடத்தில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. தன் ஊருக்குப் போகும் வழியையும் விபரமாகச் சொன்னார், முட்கம்பி வேலி வரைக்கும். அதற்கப்பால் தன் காணிக்குப் போக அவருக்கே அனுமதியில்லை.

காணி திரும்பக் கிடைத்தோர் பலர் காடு மண்டிய வளவை இயந்திரத்தால் ஒரேயடியாக வழித்துத் துப்புரவாக்குகிறார்கள். அவசரம் விளங்குகிறது. விதைக்காமல் எப்படிச் சீவிப்பது? ஆயினும் கவுதாரி நிலத்திலேயே, பற்றையடியில் முட்டையிடும். எல்லையோரம் ஒரு பாகம் பற்றையையும் உயிர்வேலியையும் விட்டுவைத்தால் அதற்குப் போதும். வெங்காயத் தறையில் ஆளுயரத் தடிகள் சிலவற்றை நட்டுவிடுங்கள். கரிக்குருவி அதிலிருந்து வெட்டுக்கிளியையும் புழுவையும் பிடிக்கும். மருந்தடிப்பதைக் கொஞ்சம் குறைக்கலாம். மருந்துப் புழுவைத் தின்று குருவி சாவதும் குறையும்.

வழிகாட்டப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லவேண்டும். கண்ணிவெடி அகற்றி முடிந்ததென்று உறுதியாகாத இடத்தில் பாதையை விட்டு இறங்கவேண்டாம். எவ்வளவு அருமையான பறவையானாலும், பற்றைக்குள் போனால் போகட்டும். அடுத்த நாளும் விடியக் கூப்பிடும்.