நொடிக்கு 38,000 சிமிட்டல்

டிவி ரிமோட்டின் நுனியைச் செல்போன் கேமராவுக்கு நேரே காட்டிப் பொத்தானை அழுத்தினால், திரையில் வெளிர் ஊதாவாக ஏதோ மினுக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி அது. (சில போன்களின் பின்பக்கக் கேமரா இதை வடிகட்டிவிடும், செல்ஃபி கேமராவில் பார்க்கலாம்.)

இதே மினுக்கலை ஆர்டுயினோ போன்ற ஒரு மைக்ரோகன்ட்ரோலர் பலகையாலும் உண்டாக்கலாம். அதன் ஒரு முனையில் அகச்சிவப்பு எல்இடியை இணைத்து, மின்சாரத்தைச் சரியான வேகத்தில் விட்டுவிட்டுத் தர வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வேகம் பெரும்பாலும் நொடிக்கு 38,000 தடவை. வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு என்பதால், டிவியிலுள்ள ஏற்பி இந்த வேகத்துக்கு மட்டுமே காது கொடுக்கும். ஏன் இப்படியொரு விநோத எண்? ரேடியோப் பெட்டிகளில் புழங்கிய 455 கிலோஹெர்ட்ஸ் என்ற அளவை 12ஆல் வகுத்தால் ஏறக்குறைய இதுதான் வரும். அந்த அளவில் துடிக்கும் ரெசனேட்டர்கள் மலிவாகவும் கிடைத்தன. ஆர்டுயினோ ஊனோவின் கடிகாரம் 16 மெகாஹெர்ட்ஸ். அதன் டைமரை 421 துடிப்புக்கு ஒரு சுற்று என்று அமைத்தால் வேலை முடிந்தது.

செய்தி இருப்பது சிமிட்டலுக்கு இடையிலுள்ள மௌனத்தில். பரவலான என்இசி முறையில் முதலில் 9 மில்லிநொடி சிமிட்டல், பிறகு 4.5 மில்லிநொடி இடைவெளி. டிவி விழித்துக்கொள்ள இது போதும். தொடர்ந்து 32 பிட்டுகள். ஒவ்வொரு குறுஞ்சிமிட்டலுக்குப் பிறகும் வரும் இடைவெளி அதே நீளமென்றால் 0, மூன்று மடங்கென்றால் 1. கட்டளையை ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகவும் அனுப்புவதால் பிழை உடனே பிடிபடும். சோனிக்கு முறையும் வேறு, வேகமும் வேறு: 40 கிலோஹெர்ட்ஸ். இப்படிப் பல நிறுவனங்களின் 'அணை' கட்டளைகளை வரிசையாக உமிழும் குறும்புக் கருவியொன்றை அமெரிக்கரான மிட்ச் ஆல்ட்மன் 2004இல் விற்பனைக்கே கொண்டுவந்தார்.

ரேடியோவுக்கும் வித்தை இதேதான். முனையை நொடிக்குப் பத்து லட்சம் தடவை துடிக்கவிட்டு ஒரு கம்பியைச் செருகினால், பக்கத்திலுள்ள ஏஎம் ரேடியோ அதைப் பிடித்துவிடும். வில்லங்கமும் இங்கேதான். மைக்ரோகன்ட்ரோலர் தருவது சதுர அலை. 1 மெகாஹெர்ட்ஸோடு 3, 5, 7 என்று அதன் மடங்குகளும் சேர்ந்தே கிளம்பும். அகச்சிவப்பு அறைச் சுவரோடு நின்றுவிடும். ரேடியோ அலை சுவரைத் தாண்டி அடுத்தவர் அலைவரிசையில் போய் விழும்.

எனவே புதிதாகத் தொடங்குகிறவர்கள் அகச்சிவப்பில் விளையாடட்டும். ரேடியோதான் வேண்டுமென்றால், உரிமம் தேவைப்படாத அலைவரிசைக்கென்றே செய்யப்பட்ட குறைதிறன் மாட்யூலை வாங்கிப் பொருத்துங்கள்.