பொதுக் கணினியும் பயனர் மாற்றமும்

வீட்டுக் கணினியில் 'பயனர் மாற்றம்' நல்ல வசதி. அப்பா திறந்து வைத்திருக்கும் கோப்புகளை மூடாமலே, மகள் தன் பெயரில் லாகின் செய்து பாடம் படிக்கலாம். முடித்ததும் அப்பா விட்ட இடத்திலிருந்து தொடரலாம். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி இதை வீடுகளில் பரவலாக்கியது. லினக்ஸில் இயங்கும் க்னோம், கேடிஈ ஆகிய மேசைத்தளங்களிலும் இது உண்டு. நூலகத்திலும் கல்லூரி ஆய்வகத்திலும் நாள் முழுக்க ஆள் மாறிக்கொண்டே இருக்கும் கணினியில் இதே வசதி தொல்லையாகிவிடுகிறது. அங்கே பலர் ஒருவரையொருவர் அறியாதவர்கள். பலர் திரும்பி வரப்போவதும் இல்லை.

மாணவர் ஒருவர் ஆய்வகக் கணினியில் கட்டுரையைப் பாதி அடித்துவிட்டு, திரையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகிறார். அடுத்து வருபவர் பார்ப்பது பூட்டிய திரை. பாஸ்வேர்டு பெட்டிக்குப் பக்கத்தில், வேறு பயனராக நுழைவதற்கு ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்துகிறார், புதிய லாகின் திரை வருகிறது, வேலையைத் தொடங்குகிறார். முதல் மாணவரின் பிரவுசரும் ஆவணமும் மூடப்படவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் ஓடிக்கொண்டிருக்கின்றன. லினக்ஸ் அந்த அமர்வை ஒரு மெய்நிகர் முனையத்தில் அப்படியே வைத்துவிட்டு, புதியவருக்கு இன்னொரு முனையத்தைத் தருகிறது. இப்படி மூன்றாமவர், நான்காமவர் வரும்போது நினைவகம் நிரம்பிக் கணினி ஊர்ந்து செல்கிறது. பொறுமை இழந்த ஒருவர் பவர் பொத்தானை அழுத்திப் பிடிக்கிறார். பாதிக் கட்டுரை போயே போய்விட்டது. இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கணினி காட்டிய வழியில்தான் எல்லோரும் போனார்கள்.

வேகம் குறைவதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. மையமாக நிர்வகிக்கப்படும் கணினிகளில் துப்புரவு வேலை பெரும்பாலும் லாக் அவுட் ஆகும் கணத்தில்தான் நடக்கிறது. தற்காலிகக் கோப்புகள் அழிவதும், பிணையத்தில் உள்ள சொந்தக் கோப்புறையின் இணைப்பு துண்டிக்கப்படுவதும், அடையாளச் சான்றுகள் கைவிடப்படுவதும் அப்போதுதான். பயனர் மாற்றம் அந்தக் கணத்தையே தள்ளிப்போட்டுவிடுகிறது. போனவரின் அமர்வு மூடாத வரையில் அவருடைய சான்றுகளும் அந்தக் கணினியிலேயே தங்கியிருக்கும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1983இல் தொடங்கிய அதீனா திட்டத்திலிருந்தே இந்தக் கவலைக்கு நீண்ட வரலாறு உண்டு. எந்த மாணவரும் வளாகத்தின் எந்தக் கணினியிலும் அமர்ந்து தன் கோப்புகளைப் பெற வேண்டும் என்பது அதன் நோக்கம். எக்ஸ் விண்டோ அமைப்பும், கெர்பரோஸ் என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையும் அங்கே பிறந்தவைதான். கெர்பரோஸ் தரும் 'டிக்கெட்' சில மணி நேரம் மட்டுமே செல்லும். மறந்துவிட்டுப் போனவரின் சான்று தானாகவே காலாவதியாக வேண்டும் என்ற அக்கறை அந்தக் கெடுவுக்குள் இருக்கிறது. ஆனாலும் லாக் அவுட் செய்வதற்கு அது ஈடாகாது. கெடு முடியும்வரை சான்று உயிரோடுதான் இருக்கும்.

ஆக, பொதுக் கணினியில் பயனர் மாற்றத்தை முடக்குவதுதான் சரி. அதை அரைகுறையாகச் செய்தால் பயன் இல்லை. மெனுவில் உள்ள வரியை எடுத்துவிட்டாலும் பூட்டுத் திரையின் பொத்தான் மிஞ்சும். அதையும் எடுத்துவிட்டால், கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு எஃப் வரிசை விசை ஒன்றை அழுத்தி வேறு முனையத்துக்குத் தாவும் வழி மிஞ்சும். எக்ஸ் விண்டோவில் இந்தத் தாவலைத் தடுக்கத் தனி அமைப்பு ஒன்று உண்டு. க்னோமில் மெனுவுக்கும் பூட்டுத் திரைக்கும் தனித்தனி அமைப்புகள் இருப்பதால், ஒன்றை மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது.

மாற்றிய அமைப்பு நிலைக்கவும் வேண்டும். க்னோம் தன் அமைப்புகளை டீகான்ஃப் என்ற தரவுத்தளத்தில் வைக்கிறது. அதில் பயனரின் சொந்தத் தேர்வுகள் மேலடுக்கு. நிர்வாகி கணினி முழுவதற்கும் வைக்கும் மதிப்புகள் அதற்குக் கீழடுக்கு. இயல்பாக மேலடுக்கே செல்லும். எனவே நிர்வாகி 'முடக்கு' என்று எழுதி வைப்பது வெறும் பரிந்துரைதான். பயனர் அதை மாற்றிக்கொள்ளலாம். அதே அமைப்பின் பெயரைப் பூட்டுப் பட்டியல் கோப்பு ஒன்றிலும் எழுதி, தரவுத்தளத்தைப் புதுப்பித்தால்தான் அது கட்டளையாகிறது. அதன்பின் பயனர் என்ன தேர்ந்தெடுத்திருந்தாலும் நிர்வாகியின் மதிப்பே செல்லும். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் இந்த இரண்டாவது படியைத்தான் எளிதில் விட்டுவிடுகிறார்கள்.

விண்டோஸில் இந்த வேலையைக் குழுக் கொள்கை செய்கிறது. விண்டோஸ் 2000உடன் வந்த ஏற்பாடு இது. நிர்வாகி மையச் சர்வரில் ஒருமுறை விதியை எழுதினால், கணினிகள் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து அதைப் படித்துக்கொள்ளும். அந்த 90 நிமிடத்தோடு 30 நிமிடம் வரை ஏதாவது ஒரு அளவைத் தானாகக் கூட்டிக்கொள்வதால், நூற்றுக்கணக்கான கணினிகள் ஒரே நேரத்தில் சர்வரை மொய்க்காது. லினக்ஸ் ஆய்வகங்களில் பப்பெட், ஆன்சிபிள் போன்ற கருவிகள் இதே வேலைக்குப் பயன்படுகின்றன. கருவி எதுவானாலும், விதி ஒரே இடத்தில் எழுதப்பட்டு எல்லாக் கணினிகளுக்கும் போய்ச் சேர வேண்டும். கணினி கணினியாகச் சென்று கையால் மாற்றும் இடத்தில், பழுதாகி மாற்றிய ஒரே ஒரு கணினி விட்டுப்போனாலும் போதும், பழைய தொல்லை அங்கிருந்து திரும்பத் தொடங்கிவிடும்.

டீகான்ஃபில் போடும் பூட்டைப் பாதுகாப்புக் கவசமாக நினைத்துவிடக் கூடாது. க்னோம் நிரல்கள் எந்த அமைப்புத் தொகுப்பைப் படிக்க வேண்டும் என்பதைச் சூழல் மாறி ஒன்றின் மூலம் மாற்ற முடியும். டெர்மினலைத் திறக்கத் தெரிந்தவர் அந்த வழியாக ஒரு நிரலைப் பூட்டுக்கு வெளியே ஓட்டிவிடலாம். தெரியாமல் அழுத்துபவரைத் தடுக்க இது போதும். வேண்டுமென்றே உடைக்க வருபவரைத் தடுக்கக் கோப்பு அனுமதிகளும் பிணையக் கட்டுப்பாடுகளும் வேண்டும்.

பயனர் மாற்றத்தை எடுத்துவிட்டால், திரையைப் பூட்டிவிட்டுப் போனவரின் இருக்கை என்னவாகும் என்ற கேள்வி உடனே எழுகிறது. அவர் வரும்வரை யாரும் அந்தக் கணினியைத் தொட முடியாது. திரைப்பூட்டையே எடுத்துவிடுவது எளிய தீர்வுபோலத் தோன்றும். ஆனால் கழிப்பறைக்குப் போகும் ஐந்து நிமிடத்தில் ஒருவரின் மின்னஞ்சல் ஊர் பார்க்கத் திறந்து கிடக்கலாமா? பழைய க்னோம் 2இன் திரைக்காப்பில் இதற்கு நல்ல விடை இருந்தது. பூட்டியபின் குறிப்பிட்ட நேரம் கழிந்தால், அடுத்து வருபவரே முன்பு இருந்தவரை லாக் அவுட் செய்ய ஒரு பொத்தான் தோன்றும்படி அமைக்கலாம். இப்போதைய க்னோமில் யாரும் தொடாத கணினியைக் குறித்த நேரத்தில் தானாக லாக் அவுட் செய்ய வைக்கலாம். சேமிக்காத வேலை போய்விடும் ஆபத்து இதிலும் உண்டு. அதனால் அந்தக் கால அளவைக் கணினிக்குப் பக்கத்திலேயே தாளில் எழுதி ஒட்டுவது நிர்வாகியின் கடமை.

முடக்கத் தொடங்கிய கை தேவையானதையும் முடக்கிவிடலாம். அமைப்புகள் பகுதி முழுவதையும் மூடிவிட்டால் எழுத்தைப் பெரிதாக்கும் வசதியும், பார்வையற்றோருக்கான திரைவாசிப்பானும் சேர்ந்தே மறைந்துவிடும். தமிழ்நாட்டு நூலகத்தில் இன்னொன்றும் நடக்கும்: தமிழ்99 விசைப்பலகையை முன்கூட்டியே சேர்த்து வைக்காமல் அமைப்புகளை மூடிவிட்டால், வாசகர் தன் மொழியில் தேடக்கூட முடியாது. பயனர் மாற்றத்துக்காகப் போடும் பூட்டு அதை மட்டும்தான் பூட்ட வேண்டும்.

மென்பொருளின் புதிய பதிப்புக்கு மாறும்போது இந்த வேலை முழுவதையும் மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கிறது. 2011இல் க்னோம் 3 வந்தபோது, அதுவரை அமைப்புகளை வைத்திருந்த ஜீகான்ஃப் போய் டீகான்ஃப் வந்தது. பழைய கோப்பில் போட்ட பூட்டுகளைப் புதிய மேசைத்தளம் படிக்கவே இல்லை. பிழைச் செய்தி எதுவும் வராது, பொத்தான் மட்டும் திரும்பி வந்துவிடும். நிர்வாகியின் கணக்கில் பார்த்தால் பல கட்டுப்பாடுகள் தெரியாது. சாதாரண மாணவர் கணக்கு ஒன்றில் லாகின் செய்து, திரையைப் பூட்டி, மெனுவையும் விசைகளையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பதே நம்பத்தக்க சோதனை.