சர்க்கரை வியாதியும் இருதயமும்: இரத்தம் முன்கூட்டிச் சொல்லும் சேதி



“நெஞ்சுவலி ஒண்ணும் இல்லையே, அப்புறம் எதுக்கு இத்தனை இரத்தப் பரிசோதனை?” என்று சர்க்கரை வியாதி உள்ளவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் நாட்பட்ட சர்க்கரை, இருதயத்தின் நரம்புகளையும் மரத்துப்போகச் செய்துவிடும். மாரடைப்பே வந்தாலும் சிலருக்கு வலி தெரியாது. வியர்வை, களைப்பு, மூச்சிரைப்பு, அவ்வளவுதான். ஆகவே வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வெறும் வயிற்றில் பார்க்கும் சர்க்கரை அன்றைய கணக்கு மட்டுமே. முதல் நாள் இரவு அரைவயிறாகப் படுத்தால்கூட அது குறைந்து காட்டும் (அப்படி வருகிறவர்களை நாங்கள் அறிவோம்!). ‘ஹெச்பிஏ1சி’ என்ற பரிசோதனையை ஏமாற்ற முடியாது. இரத்தச் சிவப்பணு சுமார் 120 நாட்கள் உயிர் வாழும். அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை அளப்பதால் கடந்த மூன்று மாத நடப்பு தெரிந்துவிடும். பெரும்பாலோருக்கு இது 7 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும்.

அடுத்தது எல்.டி.எல். கொழுப்பு. இருதய இரத்தக் குழாயில் படிந்து அடைப்பு உண்டாக்குவது இதுதான். இருதய அபாயம் அதிகமுள்ள சர்க்கரை நோயாளிகளுக்கு இதை 70-க்குக் கீழே கொண்டுவரச் சொல்கிறார்கள். “எனக்குச் சர்க்கரைதானே, கொழுப்பு மாத்திரை எதுக்கு?” என்று அதை நிறுத்திவிடாதீர்கள். அந்த மாத்திரை மாரடைப்பைத் தடுக்கத்தான்.

‘என்.டி.புரோ பி.என்.பி.’ என்று ஒன்றும் உண்டு. பாரம் தாங்காமல் இருதயத் தசை இழுபடும்போது இந்தப் பொருள் இரத்தத்தில் கூடும். 125-க்கு மேல் போனால் இருதயம் பலவீனப்படுகிறதா என்று மேற்கொண்டு பார்ப்பார்கள். எல்லா ஊரிலும் இது கிடைப்பதில்லை, செலவும் கூடுதல். டாக்டர் சொன்னால் எடுத்தால் போதும். சிறுநீரில் ஆல்புமின் பார்ப்பதோ சுலபம். அது கூடியிருந்தாலும் இருதயத்துக்கு ஆபத்துண்டு.

கணவன்மார்களுக்கு ஒரு வார்த்தை. பெண்களுக்கு மாரடைப்பு அவ்வளவாக வராது என்ற எண்ணம் ஊரில் இருக்கிறது. சர்க்கரை வந்த பெண்ணுக்கு அது பொருந்தாது. வீட்டு வேலை, வயல் வேலை என்று தன் பரிசோதனையை அவர் தள்ளிப்போட்டுக்கொண்டே போவார். நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள்.

கர்ப்ப காலத்தில் மட்டும் சர்க்கரை இருந்து, பிரசவத்துக்குப் பின் சரியாகிவிட்ட தாய்மார்களுக்கும் பிற்காலத்தில் சர்க்கரை, இருதய நோய் இரண்டுமே வரும் வாய்ப்பு அதிகம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பிரசவச் சீட்டு இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். சீட்டு தொலைந்துபோயிருந்தால் வாயால் சொன்னாலும் போதும்.